கறுத்துப்போன டீசல் பில்கள்

பசியாவரத்தில் எங்கள் குடும்பத்திலேயே முதலில் படித்தவள் நான். நைனாவின் மீன்பிடிப் படகு வருமானத்துக்கு வரிக் கணக்கு தாக்கல் செய்வதும் நான்தான்.

படகில் கொண்டுபோகும் அடையாள அட்டை, லைசென்ஸ் எல்லாவற்றையும் உப்புத் தண்ணீருக்குப் பயந்து லேமினேட் செய்துவிடுவோம். டீசல் பில்களையும் பொன்னேரியில் ஒரு கடையில் அப்படியே லேமினேட் செய்யக் கொடுத்தேன். அவை மையில்லாமல் சூட்டிலேயே எழுத்து பதியும் தாள்; மெஷினின் சூடு பட்டதும் எழுத்தே தெரியாமல் கறுத்துவிட்டன.

பிறகு, டீசல் செலவுக்கு அத்தாட்சி கேட்டு வருமான வரி நோட்டீஸ் வந்தது. காட்டாவிட்டால் அந்தத் தொகைக்கும் வரி கட்ட வேண்டும்.

“இன்னாம்மா, படிச்ச புள்ள பில்லுக்கு மை பூசிக்கினு வந்துட்டியே!” என்றார் நைனா. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

நல்லவேளையாக, டீசலுக்குப் போனில்தான் பணம் அனுப்பியிருந்தோம். வங்கி ஸ்டேட்மென்ட்டோடு, பங்க்கில் வாங்கிய நகல் பில்களையும் அனுப்பினேன். ஏற்றுக்கொண்டார்கள்.

இப்போது பில் வந்த அன்றே ஜெராக்ஸ் எடுத்துவிடுகிறேன். “லேமினேட் பண்லியா?” என்று நைனா இன்னும் விடாமல் கேட்கிறார்.