ஒன்பதாம் வார்டின் பூஜ்யம்

மாலை ஆறு மணிக்கு உமாமகேஸ்வரி அக்காவின் குரல் வரும். மஸ்கட்டில் அப்போது நாலரை. அலுவலகத்தில் எல்லாரும் டீ குடிக்கப் போகும் நேரத்தில் நான் இயர்போனைச் செருகிக்கொண்டு மாடிப்படியில் போய் நிற்பேன். வார்டு வாட்ஸ்அப் குழுவில் மூன்று நிமிடத்துக்குள் எல்லாவற்றையும் சொல்லி முடித்துவிடுவாள். இன்று எத்தனை பேருக்குத் தொற்று, எத்தனை பேர் குணமாகி வீடு வந்தார்கள், தடுப்பூசி எந்தப் பள்ளிக்கூடத்தில், எந்தத் தெருவில் மருந்து அடிக்கப்போகிறார்கள். அவள் சொல்லி முடித்ததும் யாராவது ரோஜாப்பூ படம் போட்டு 'இனிய மாலை வணக்கம்' என்பார். இன்னொருவர் வீட்டு முன்னால் சாக்கடை அடைத்திருப்பதை நாலு கோணத்தில் படம் எடுத்துப் போடுவார். வெந்நீரில் மிளகைத் தட்டிப் போட்டுக் குடித்தால் தொற்றே வராது என்று தினமும் ஒரே செய்தியை அனுப்புகிற ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் ஒருவரும் உண்டு. அக்கா ஒவ்வொருவருக்கும் பதில் போடுவாள். எனக்குத்தான் அதைப் படிக்கப் படிக்கப் பற்றிக்கொண்டு வரும்.

அக்கா என் பெரியம்மா மகள். கமுதிப் பக்கம் மிளகாய் போடுகிற குடும்பம். டீச்சருக்குப் படி என்று வீட்டில் சொன்னதற்கு, இவள் சுகாதார ஆய்வாளர் படிப்பில் போய்ச் சேர்ந்தாள். பதினான்கு வருடமாக எங்கள் ஊர் நகராட்சியில் வேலை. பரமக்குடிக்குக் கிழக்கே, கடல் காற்று எட்டுகிற தூரத்தில் இருக்கிற சின்ன ஊர் அது. பெயரைச் சொல்லாமல் விடுவதற்குக் காரணம் பின்னால் தெரியும். அவள் தெருவுக்குள் நுழைந்தால் பெண்கள் குடத்தையும் டிரம்மையும் மூடி போட்டு மூடுவார்கள். கையில் டார்ச் வைத்துக்கொண்டு தொட்டிக்குள் எட்டிப் பார்ப்பாள். கொசுப்புழு இருந்தால் அந்த இடத்திலேயே கவிழ்த்துவிடுவாள். ஒரு நிச்சயதார்த்த வீட்டில் சமையலுக்கு வைத்திருந்த தண்ணீரையே கொட்டிவிட்டாள். அந்த வீட்டார் இன்றைக்கும் அவளுக்குப் பத்திரிகை வைப்பதில்லை.

நோய் வந்த முதல் வருடம், தொற்று வந்த வீட்டு வாசலில் தகரம் அடித்தார்கள். எங்கள் தெருத் தையல்காரர் வீட்டில் அடித்த தகரத்தை இரண்டு வாரத்தில் எடுத்துவிட்டார்கள். அவரிடம் துணி கொடுக்க ஆள் வருவதற்கு ஐந்து மாதம் ஆனது. அதைப் பார்த்த பிறகு யாரும் காய்ச்சல் என்று வாய் திறப்பதில்லை. மாத்திரையைக்கூட ஊருக்குள் வாங்காமல் பரமக்குடிக்குப் போய் வாங்கினார்கள். தகரம் வேண்டாம் என்று அக்கா மேலே மூன்று முறை எழுதினாள். எழுதியது எங்கே போனதோ தெரியாது. இரண்டாம் வருடம் தகரம் வரவில்லை, ஆனால் பயம் அப்படியே இருந்தது.

அதனால்தான் வீடு வீடாகப் போய்க் காய்ச்சல் கேட்கப் பெண்களை எடுத்தார்கள். ஒன்பதாம் வார்டுக்கு ராக்கு. பக்கத்துக் கிராமத்தில் களை எடுக்கப் போய்க்கொண்டிருந்தவள், முப்பது வயது இருக்கும். ஒரு நாளைக்கு நூறு வீடு. காய்ச்சல், இருமல், மூச்சுத்திணறல் என்று மூன்று கட்டம்; உண்டு அல்லது இல்லை என்று எழுத வேண்டும். ராக்குவின் கையெழுத்து அச்சு மாதிரி இருக்கிறது என்று அக்கா என்னிடம் பெருமையாகச் சொன்னாள்.

இரண்டாவது அலை வடிந்து வந்த ஆனி மாதத்தில், எங்கள் ஒன்பதாம் வார்டில் புதுத் தொற்று இல்லாமலே நாட்கள் ஓடின. பதினான்கு நாள் அப்படிப் போனால் அந்த வார்டில் இருக்கிற வாரச் சந்தையைத் திறக்கலாம் என்று நகராட்சி முடிவு செய்திருந்தது. ஞாயிற்றுக்கிழமைச் சந்தை அது. மூன்று மாதமாகப் பூட்டிக் கிடந்தது. மிளகாய், பருத்தி, கருவாடு, பாத்திரம், வளையல் என்று சுற்றுப்பட்டு நாற்பது கிராமம் வந்து இறங்கும். வியாழக்கிழமை பதினான்காவது நாள். அக்கா எண்களை எனக்கு அனுப்பினாள். தமிழிலும் இங்கிலீஷிலும் அறிவிப்புப் படம் செய்து தருவது என் வேலையாக இருந்தது. வெளியூரில் உட்கார்ந்துகொண்டு என்னால் முடிந்தது அவ்வளவுதான். பச்சை நிறத்தில், நடுவே பெரிதாக ஒரு பூஜ்யம் போட்டேன். கீழே 'ஞாயிறு முதல் சந்தை'. அன்று மாலை குழுவில் யாரும் சாக்கடைப் படம் போடவில்லை.

எனக்கு மறுநாள் வெள்ளி விடுமுறை. காலையில் அம்மாவைக் கூப்பிட்டேன். அம்மா, முருகலட்சுமி, அந்த வார்டில் தனியாக இருக்கிறாள். நான் ஒவ்வொரு நாளும் கதவைப் பூட்டு, வெளியே போகாதே, பால்காரனிடம் பேசாதே என்று சொல்லிச் சொல்லி அவளுக்குச் சலித்துப்போயிருந்தது. அதனால் அவளே முந்திக்கொண்டு, தான் எங்கும் போவதில்லை என்றாள். பக்கத்திலிருக்கிற உலகம்மாள் வீட்டுக்குக்கூடப் போகவில்லையாம், அங்கே ஆத்தா வந்திருக்கிறாளாம்.

அம்மை போட்ட வீட்டைத்தான் எங்கள் பக்கம் அப்படிச் சொல்வார்கள். வாசல் நிலையில் வேப்பிலையைச் செருகிவிடுவார்கள். அதைப் பார்த்ததும் வெளி ஆள் உள்ளே போவதில்லை. என்ன, ஏது என்று விசாரிப்பதும் இல்லை. வேப்பிலை போட்ட தண்ணீரைத் தலைக்கு மூன்று முறை, மூன்றாம் தண்ணீர் வரை, ஊற்றி முடிகிற வரைக்கும் அந்த வீட்டில் தாளிக்கும் வாசனைகூட வராது.

"ஆனி மாசத்துலயாம்மா அம்மை? பங்குனி சித்திரையிலதான வரும்?"

"அவ வாரதுக்கு நாள் பார்த்துக்கிட்டா வருவா?"

யாருக்குப் போட்டிருக்கிறது என்று கேட்டேன். உலகம்மாளின் வீட்டுக்காரருக்காம். அறுபது வயது. இருமல் சத்தம் சுவர் தாண்டிக் கேட்கிறதாம். அம்மைக்கு எங்கே இருமல் வரும் என்று கேட்டதற்கு, அதையெல்லாம் கேட்கக் கூடாது என்று அம்மா என்னை அடக்கினாள். நம் தெருவில் மட்டும் மூன்று வீட்டில் வேப்பிலையாம். காய்ச்சல் கேட்க ராக்கு வரவில்லையா என்றேன். வந்தாளாம். வேப்பிலையைப் பார்த்தாளாம். கன்னத்தில் போட்டுக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டாளாம்.

நான் செய்த பச்சைப் படம் அதற்குள் எத்தனை போன்களுக்குப் போயிருக்குமோ. அக்காவைக் கூப்பிட்டேன். நான் சொல்லி முடித்ததும் போனை வைத்துவிட்டாள்.

பிறகு நடந்ததை அன்று மதியம் அவளே சொன்னாள். ராக்குவைக் கூட்டிக்கொண்டு ஒன்பதாம் வார்டைச் சுற்றினாள். பதினொரு வீட்டு நிலையில் வேப்பிலை. ராக்குவின் நோட்டில் அந்தப் பதினொரு வீட்டுக்கும் அழகான கையெழுத்தில் இல்லை, இல்லை, இல்லை. அக்காவுக்குக் கோபம் தலைக்கேறி, வீட்டுக்குள் போகாமலே எப்படி எழுதினாய் என்று நடுத்தெருவில் கத்திவிட்டாள். ராக்கு அழவில்லை.

"நீங்கதானக்கா சொன்னீக. பயிற்சியன்னைக்கு நான் எந்திரிச்சுக் கேட்டேன், வேப்பிலை சொருகியிருந்தா என்ன செய்யன்னு. அங்கன போகாத, ஆத்தா இருக்க வீட்டுல நாம போயி நிக்கக் கூடாதுன்னீக."

சொன்னது உண்மைதான். அக்காவுக்கு அப்போது அது யோசித்துச் சொன்ன பதிலாகவே படவில்லை. ஊரில் பிறந்த யாரும் சொல்வதுதான். கட்டத்தில் என்ன எழுத வேண்டும் என்று சொல்ல மறந்துவிட்டாள். ஆத்தா வந்திருப்பதைக் காய்ச்சல் என்று எழுத ராக்குவுக்குக் கை வரவில்லை, எழுதாமல் விட்டால் அன்றைய கணக்கு முடியாது. அதனால் 'இல்லை'. எல்லா வீட்டாரும் ஏமாற்றினார்கள் என்றும் சொல்ல முடியாது. தகரத்துக்குப் பயந்து வேப்பிலை செருகியவர்கள் இருந்தார்கள். உடம்பு அனலாகக் கொதித்ததைப் பார்த்து, உண்மையாகவே ஆத்தா என்று நம்பியவர்களும் இருந்தார்கள்.

அக்கா ஆணையரிடம் போனாள். அவர் கெட்டவர் இல்லை, களைத்துப்போனவர். அறிவிப்பு பத்திரிகைக்குப் போய்விட்டது, சந்தைக் கடைகளுக்குச் சீட்டுக் குலுக்கி இடம் ஒதுக்கியாகிவிட்டது, இப்போது மாற்றினால் நகராட்சி பேச்சை நாளைக்கு எவன் நம்புவான் என்றார். ஞாயிறு சந்தை நடக்கட்டும், திங்கள் அந்த வீடுகளைச் சத்தமில்லாமல் பார்த்துக்கொள்ளலாம். சந்தை கூடுகிற மைதானத்துக்கு எதிர்த்த வரிசையில் மட்டும் நாலு வேப்பிலை வீடு இருக்கிறது என்று அக்கா சொன்னாள். அவர் கோப்பைத் திறந்துகொண்டார்.

அக்கா என்னைக் கேட்டாள், படத்தைத் திரும்ப எடுக்க முடியுமா என்று. குழுவிலிருந்து அழிக்கலாம், மற்றவர்கள் போனுக்குப் போனதை ஒன்றும் செய்ய முடியாது என்றேன். வேலை போய்விடும் அக்கா, ஒரு நாள் பொறு என்றும் சொன்னேன். அம்மா அந்தத் தெருவில் இருக்கிறாள் என்பது நினைவிருந்தும் அப்படிச் சொன்னேன்.

"ஏலே, நீ அங்கன இருந்துக்கிட்டு சித்திய வாசலுக்கே வராதங்கிற. நான் இங்கன நாப்பது ஊர் சனத்த அந்த வாசலுக்கே கூட்டிட்டு வரவா?"

ஆறு மணிக்குப் பேசினாள். நேற்று சொன்ன பூஜ்யம் தவறு. சில வீடுகளில் கேட்காமலே எழுதிவிட்டோம். கேட்க வேண்டாம் என்று சொன்னது நான், போன பெண்ணின் மேல் தப்பில்லை. சந்தையை ஒரு வாரம் தள்ளிப்போடச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். திறந்தாலும் தயவுசெய்து வராதீர்கள். வேப்பிலை என்ற வார்த்தையே அதில் இல்லை. யார் வீட்டிலும் தகரம் அடிக்க மாட்டோம், நாளைக் காலையில் குளித்துவிட்டு நானே வருவேன், வாசலுக்கு வெளியே நிற்பேன் என்று முடித்தாள்.

குழுவில் முதலில் ஒருவர் எழுதினார்: 'நேத்து பூஜ்யம், இன்னைக்குச் சில வீடா? ஒரே நாள்ல குட்டி போட்டுருச்சாக்கா?' அதற்குக் கீழே முப்பது சிரிப்பு முகம். கருவாட்டுக் கடை போட இடம் வாங்கியிருந்தவர், சாபமாகவே ஒரு குரல் பதிவு போட்டார். கணக்கு வாத்தியார் மிளகு வெந்நீரை மறுபடி அனுப்பினார். இருபத்தாறு பேர் குழுவை விட்டு வெளியேறினார்கள். நான் எண்ணினேன், அக்கா எண்ணவில்லை.

சனிக்கிழமை காலை அவள் ஈரத் தலையோடு, செருப்பில்லாமல், ஆக்ஸிஜன் அளவு பார்க்க விரலில் மாட்டுகிற மெஷினை மஞ்சள் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு போனாள். மெஷின் சுத்தமா என்று ஒரு வீட்டில் கேட்டார்களாம். ஏழு வீடு கை நீட்டியது. மூன்று வீடு திறக்கவில்லை. உலகம்மாள் தன் வீட்டுக்காரரைக் கை நீட்டவிட்டாள். மெஷினில் எண்பத்து நாலு காட்டியது. உடனே ஆம்புலன்ஸ் என்றதும் குறுக்கே நின்றுகொண்டாள். முதல் தண்ணீர் ஊற்றாமல் ஆளை வாசல் தாண்ட விடக் கூடாது, நாளைக்குத்தான் ஊற்ற வேண்டும்.

அக்கா நயமாகச் சொல்லிப் பார்த்தாள். ஒரு மணி நேரம் வெயிலில் நின்றாள். கடைசியில் பொறுமை போய், இது ஆத்தா இல்லை, கொரோனா என்று சொல்லிவிட்டாள். கதவு படாரென்று சாத்திக்கொண்டது.

அப்போது என் அம்மா, நான் பூட்டி வைக்கச் சொன்ன அம்மா, முகத்தில் சேலையைச் சுற்றிக்கொண்டு வேப்பிலையும் மஞ்சளும் போட்ட ஒரு குடம் தண்ணீரோடு போய் உலகம்மாள் கதவைத் தட்டியிருக்கிறாள்.

"கதவத் தெறடி. ஆத்தா கோவிச்சா என்னையக் கோவிக்கட்டும். இன்னைக்கே ஊத்திருவோம்."

உலகம்மாள் திறந்தாள். காய்ச்சல்காரர் தலையில் குடத்தைக் கவிழ்க்க அக்கா விடவில்லை; உள்ளங்கை அளவு எடுத்து மூன்று முறை தெளித்தார்கள். ஆம்புலன்ஸ் புறப்பட்ட பிறகு அம்மா எனக்குப் போன் செய்து இதைச் சாதாரணமாகச் சொன்னாள். நான் கத்தினேன். அவள் போனைக் கட்டிலில் வைத்துவிட்டுக் கை கழுவப் போய்விட்டாள். பதினான்கு நாள் நான் சரியாகச் சாப்பிடவில்லை. அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை.

சனிக்கிழமை மதியமே ஆணையர் வேறு வழியில்லாமல் சந்தையைத் தள்ளி வைத்தார். ஆனாலும் ஞாயிறு விடியற்காலையில் பத்துப் பதினைந்து வண்டிகள் வந்து நின்றன. அக்காவின் குரல் எட்டாத ஊர்களுக்கெல்லாம் என் பச்சைப் படம் போய்ச் சேர்ந்திருந்தது. மிளகாய் மூட்டை கொண்டுவந்த ஒருவர் போனைக் காட்டி, இது நீங்கள் போட்டதுதானே என்றார். நான் போட்டதுதான் என்று அக்கா சொன்னாள். என் பெயரைச் சொல்லவில்லை. வண்டி வாடகையை யார் தருவது என்று அவர் கேட்டார். அக்கா பத்து மணி வரைக்கும் சந்தை வாசலில் நின்று ஒவ்வொரு வண்டியாகத் திருப்பி அனுப்பினாள்.

திங்கட்கிழமை விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. வெள்ளிக்கிழமை அனுமதியின்றிப் பொதுமக்களிடம் பேசியது ஏன்? அக்கா அரைப் பக்கத்தில் பதில் எழுதி எனக்குப் படித்துக் காட்டினாள். கடைசி வரி இப்படி இருந்தது: 'நான் தவறான தகவல் கொடுத்தது வியாழக்கிழமை. அதற்கு விளக்கம் கேட்கப்படவில்லை. எனவே அதையும் சேர்த்தே எழுதியுள்ளேன்.' சம்பள உயர்வு ஒரு வருடம் தள்ளிப்போனது. ராக்குவை வேலையை விட்டு எடுக்கச் சொன்னதற்கு மட்டும் அவள் கையெழுத்துப் போடவில்லை.

உலகம்மாள் வீட்டுக்காரர் பன்னிரண்டாம் நாள் திரும்பினார். உலகம்மாள் இன்றைக்கும் அக்காவோடு பேசுவதில்லை. வாசல் பெருக்கும்போது அக்கா வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாளாம். இதைக் கேட்டு எனக்குத்தான் ஆத்திரம்.

"பேசாட்டிப் போறா. அந்த மனுசன் வாசல்ல உக்காந்து பேப்பர் படிக்காரு. பக்கத்துலயே தொட்டி தெறந்து கெடக்கு, நெறையாப் புழு. நாளைக்குப் போயிக் கவுத்தணும்" என்றாள் அக்கா.