நான் ஆறவெச்ச காலு

எனக்குக் கைராசின்னு ஊரே சொல்லும். நானும் ஒருநாளும் இல்லைன்னு மறுத்ததில்லை. அந்தப் பெருமைதான் கடைசியில என்னைத் தின்னுச்சு.

திண்டிவனத்துல ஒரு சின்ன ஆஸ்பத்திரியில நர்ஸா இருந்தேன். சர்க்கரைப் புண்ணைச் சுத்தம் பண்ணிக் கட்டு கட்டறதுதான் என் வேலை. ராஜா காலத்துல வைத்தியன் வாசல்ல பல்லக்கு வந்து நின்னா அது அழைப்பில்லை, உத்தரவுன்னு சொல்வாங்க. எனக்கு வெள்ளைக் கார் வந்துச்சு. கல்குவாரி முதலாளிக்குக் குதிகால்ல புண்ணாம். "அந்தக் கைராசிக்கார நர்ஸைக் கூட்டிக்கினு வா"ன்னு ஆள் அனுப்பிட்டான். என் புருஷன் அவன் குவாரியிலதான் லாரி ஓட்டறாரு. டிரைவருங்க லைசென்ஸ் எல்லாம் முதலாளி மேஜை டிராயர்லதான் கிடக்கும். மாட்டேன்னு எந்த வாயால சொல்றது?

காலையில ஒரு கட்டு, சாயங்காலம் ஒரு கட்டு. வேற யாரையும் தொட விடமாட்டான். நேர்ல அவனை ஐயான்னுதான் கூப்பிடுவேன். ஒருநாள் லோடு லேட்டாச்சுன்னு ஒரு டிரைவரை உச்சி வெயில்ல, வெறுங்காலோட பாறை மேல நிக்க வெச்சான். அந்த அண்ணன் உள்ளங்கால் கொப்பளத்துக்கு மருந்து போட்டதும் நான்தான். அதே கையால சாயங்காலம் இவன் காலையும் கழுவினேன். சீ, என்ன பொழைப்பு!

ரெண்டு மாசத்துல அவன் புண்ணு முக்கால்வாசி ஆறிடுச்சு. அப்பதான் கண்டாச்சிபுரத்துல தனியா இருந்த அம்மா போன் பண்ணிச்சு. "கடலைக்கொல்லையில மல்லாட்டை புடுங்கப் போனேன் பாப்பா, கால்ல முள்ளு ஏறிடுச்சு. ஆறவே மாட்டேங்குது." அம்மாவுக்கும் சர்க்கரை உண்டு.

"உடனே விழுப்புரம் பெரியாஸ்பத்திரிக்குப் போம்மா."

"அட போடி! ஊரார் காலையெல்லாம் ஆத்தற, பெத்தவ காலை மட்டும் வேற எவளோ தொடணுமா? நீ வா. உன் கை பட்டா ஆறிடும். அதுவரைக்கும் மஞ்சள் பத்து போட்டுக்கினு இருக்கேன்."

முதலாளி பேசற அதே பேச்சு! கைராசியும் இல்ல ஒண்ணும் இல்லம்மா, மருந்தும் சுத்தமும்தான்னு அன்னிக்குத்தான் முதல்முதலா வாயைத் திறந்து சொன்னேன். அம்மா சிரிச்சுது. நம்பலை.

முதலாளிகிட்ட லீவு கேட்டேன். "ஐயா, அம்மாவுக்குக் கால்ல புண்ணுங்க. போய்ப் பார்த்துட்டு மறுநாளே வந்துடறேங்க."

காலை ஸ்டூல் மேல நீட்டிக்கினு, "இதுல தோலு மூடட்டும், அப்புறம் போ"ன்னான். "டிராயர்ல யாரு லைசென்ஸ் கிடக்குன்னு தெரியும்ல?"

நாலாம் நாள் யாருக்கும் சொல்லாம பஸ் ஸ்டாண்டுக்குப் போயிட்டேன். விழுப்புரம் பஸ்ல ஏறி உட்கார்ந்தும் ஆச்சு. வெள்ளைக் கார் வந்து நின்னுச்சு. இறங்கி வந்தது அந்தக் கொப்பளக்கால் அண்ணன். ஜன்னலுக்கு வெளிய நின்னு கையெடுத்துக் கும்பிட்டாரு. "இறங்கிடு தங்கச்சி. நீ வரலைன்னா என்னை மறுபடியும் பாறையில நிக்க வெப்பான்." என்ன பண்றது? இறங்கிட்டேன்.

அதுக்கப்புறம் பத்து நாள்தான். பக்கத்து வீட்டுக்காரங்க அம்மாவை விழுப்புரத்துக்குத் தூக்கிக்கினு போனப்ப விஷம் உடம்பு பூரா ஏறிப்போச்சு. நான் ஊர் போய்ச் சேர்ந்தப்ப கூடத்துல கிடத்தியிருந்தாங்க. கறுத்துப்போன காலைத் துணி போட்டு மூடி, ரெண்டு கட்டைவிரலையும் சேர்த்துக் கட்டியிருந்தாங்க. அதையும் வேற யாரோதான் கட்டியிருந்தாங்க. அய்யோ, எனக்காகத்தானே காத்துக்கினு இருந்துச்சுன்னு தலையில அடிச்சுக்கினு அழுதேன்.

மத்தியானம் முதலாளி மாலையோட வந்தான். உட்கார்ந்திருந்த ஆம்பளைங்க எல்லாம் எழுந்து நின்னாங்க. வாசல்ல செருப்பைக் கழட்டிட்டு வெறுங்காலோட உள்ளே நடந்து வந்தான். துளி நொண்டல் இல்லை.

"எடுக்கிற நேரமாச்சு, அம்மா முகத்தைப் பார்த்துக்கோ"ன்னு யாரோ என் தோளைத் தொட்டாங்க. நான் அவன் குதிகாலைப் பார்த்துக்கினு இருந்தேன். தோலு நல்லா மூடியிருந்துச்சு.