நிலாவுக்குப் போன கடிகாரமும் ஒரு மணி நேரத் தண்ணீரும்

அந்தக் கடிகாரத்தை அப்பாவின் நண்பர், நாகூரில் ஜவுளிக்கடை வைத்திருந்த ராவுத்தர், சிங்கப்பூரிலிருந்து எனக்கு வாங்கி வந்தார். நிலாவுக்குப் போனவர்கள் கட்டியிருந்த வகை என்றார். கறுப்பு முகம், அதற்குள் மூன்று சின்ன வட்டங்கள், வலப்பக்கம் இரண்டு பொத்தான்கள். மேல் பொத்தானை அமுக்கினால் நீண்ட முள் கிளம்பும், மறுபடி அமுக்கினால் நிற்கும். கீழ்ப் பொத்தானை அமுக்கினால் எல்லாம் ஒரே துள்ளலில் பூஜ்யத்துக்குத் திரும்பும். அத்தனை அழகான இயந்திரத்தை நான் அதற்குப் பிறகும் பார்த்ததில்லை.

திருச்சியில் பௌதிகம் படித்துக்கொண்டிருந்தேன். விடுமுறைக்கு நான் ஊருக்கு வந்திருந்த அந்த மார்கழியில் மழை பொய்த்து, ஆற்றிலும் தண்ணீர் குறைந்து, எங்கள் வாய்க்காலில் முறை வைத்துத் தண்ணீர் விட்டார்கள். காலை ஏழிலிருந்து பத்து வரை எங்கள் வயலுக்கு. பத்திலிருந்து ஒன்று வரை, கடைமடையில் எங்கள் நிலத்தையே குத்தகைக்கு உழுத ஒருவருக்கு. ஒரு மணிக்கு வாய்க்காலைக் கவனிக்கும் அரசாங்க ஆளான லஸ்கர் தலைப்பு மதகை இறக்கிவிடுவார். வழக்கமாக வெயிலில் நின்று தன் நிழலைக் காலடியால் அளந்து முறை சொல்வார்கள். அன்று என் கடிகாரம் அளக்கட்டும் என்றார் அப்பா. குத்தகைக்காரரும் சம்மதித்தார். வயதில் மூத்தவர். என்னைச் 'சின்னய்யா' என்பதை விட்டுவிட்டுத் 'தம்பி' என்று கூப்பிடத் தொடங்கியிருந்தார். ஆட்சி மாறி, ஊருக்குள் செங்கொடியும் ஏறியிருந்த காலம். அப்பாவுக்கு அந்தத் 'தம்பி' பிடிக்கவில்லை.

ஏழு மணிக்குப் பொத்தானை அமுக்கினேன். எட்டு மணிவாக்கில் எங்கள் நிலபுலங்களைப் பார்த்துக்கொள்ளும் காரியக்காரர் வந்து, முள் துள்ளுவதைக் காட்டச் சொன்னார். நிறுத்தி, துள்ளவிட்டுக் காட்டினேன். அவர் வியந்ததில் எனக்கும் தலைகால் புரியவில்லை. மறுபடி ஓடவிட்ட பிறகுதான் ஒரு மணி நேரக் கணக்கு அழிந்துபோனது உறைத்தது. சொன்னேன்.

"விடுங்க சின்னய்யா, நம்ம வயலுதானே" என்றார் காரியக்காரர் மெதுவாக.

பத்து மணிக்குக் குத்தகைக்காரர் வரப்பில் நின்று தன் நிழலை அடி வைத்து அளந்தார். "ஏழடிக்கு வந்தாச்சு தம்பி. மடையைத் திருப்பிடலாமா?"

ஓடிய மணிகளை எண்ணும் சின்ன வட்டம் இரண்டு மணி நேரம் என்றது. அதே முகத்தில் பெரிய முட்கள் பத்தைக் காட்டிக்கொண்டிருந்தன. இரண்டையும் பார்த்தேன்.

"இன்னும் ஒரு மணி நேரம் இருக்கு. நிலாவுக்கே இதைக் கட்டிக்கிட்டுத்தான் போனாங்க. உங்க நிழலு அதைவிடத் துல்லியமா?" என்றேன். சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. பதினொரு மணி வரை காத்திருந்துவிட்டு மடையைத் திருப்பினார். ஒரு மணிக்கு லஸ்கர் மதகை இறக்கியபோது அவருடைய கீழ்வயல் காய்ந்தபடியே கிடந்தது. பயிர் பூத்திருந்த நேரம். அடுத்த முறை வருவதற்குள் அந்த வயல் பதராகிவிட்டது.

குத்தகைக்காரரை வெளியேற்றுவது அப்போது லேசான காரியமில்லை. கவனிக்காமல் பயிரைக் கருகவிட்டார் என்று மனுக் கொடுத்தார் அப்பா. விசாரணைக்கு வந்த தாசில்தாரிடம் குத்தகைக்காரர், தனக்குத் தண்ணீர் முழுதாக வரவில்லை என்றார். சாட்சி கேட்டதற்கு என்னைக் காட்டினார்.

"தம்பி படிச்ச பிள்ளைங்க. அவரையே கேளுங்க. அவர் சொன்னா ஒத்துக்கிறேன்."

என்னை அவ்வளவு நம்பி யாரும் எங்கேயும் நிறுத்தியதில்லை. தாசில்தார் கடிகாரத்தை வாங்கித் திருப்பிப் பார்த்தார். அது பிழையாக ஓடுமா என்று கேட்டார்.

ஓடாது, ஒரு நொடி கூடப் பிசகாது என்றேன். அது உண்மை. அவர் கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லிவிட்டு நின்றேன்.

குத்தகைக்காரர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "சரிங்க" என்றார். தையில் மேல்வயலை அறுத்து முடித்து, மனைவியோடு திருவாரூர்ப் பக்கம் கூலிக்குப் போய்விட்டார். அடுத்த பருவத்தில் அந்த நிலத்தை நாங்களே உழுதோம்.