கெர்னல் மேல் போட்ட பழி

திரையில் "பேட் சிஸ்டம் கால்" என்ற ஒரே பிழைச் செய்திதான் திரும்பத் திரும்ப வந்தது. கோப்புகளைக் காட்டச் சொன்னாலும் அதுதான், தேதியைக் கேட்டாலும் அதுதான். தெலுக் பங்லிமா காராங் என்ற ஊரில் நான் மேலாளராக இருந்த தொழிற்சாலையில், பெட்டிகளுக்கு லேபல் அடிப்பது முழுவதும் அந்தக் கணினியை நம்பியிருந்தது. வெளியே லோரிகள் சரக்குக்காகக் காத்து நின்றன.

அதை அமைத்தவன் அங்கேயே வேலை பார்த்த என் மச்சினன், மனைவியின் தம்பி. அவன் விடுப்பில் இருந்த அன்று, கேட்காமல் நான் அதைப் புதுப்பிக்கக் கை வைத்தேன். எனக்குப் பழக்கம் லினக்ஸ் இயங்குதளம். அவன் போட்டிருந்தது ஃப்ரீபிஎஸ்டி. இரண்டும் யுனிக்ஸ் என்ற பழைய இயங்குதளத்தின் சாயல் கொண்டவை, தட்டும் கட்டளைகள்கூடப் பெரும்பாலும் ஒன்றுதான். வேறுபாடு அடியில், கெர்னலில் இருக்கிறது. நிரல்கள் கேட்பதை வன்பொருளிடம் கொண்டுபோகும் மையம் அது. லினக்ஸ் என்பது உண்மையில் கெர்னல் மட்டுமே. மற்றவற்றை வேறு பலர் எழுதிச் சேர்க்கிறார்கள். அதனால் கெர்னலைத் தொடாமல் மேலே உள்ளதை மட்டும் புதுப்பித்தே பல வருடம் ஓட்டியிருந்தேன். ஃப்ரீபிஎஸ்டியிலோ கெர்னலும் அடிப்படை நிரல்களும் ஒரே இடத்தில் சேர்ந்தே உருவாகின்றன. புதிய கெர்னலை முதலில் ஏற்ற வேண்டும், பிறகே மற்றவை. நான் நிரல்களை மட்டும் மாற்றினேன். அவை கேட்டது பழைய கெர்னலுக்குப் புரியவில்லை.

அவன் விடுப்பு முடிந்து வந்தபின் முதலாளி விசாரித்தபோது, "அந்த சிஸ்டமே சரியில்ல பாஸ், அவன் செலக்ட் பண்ணது" என்றேன். மச்சினன் என் முகத்தைப் பார்த்தான். அவன் வேலை போனது.

அதற்குப் பின் ஒவ்வொரு தீபாவளிக்கும் அவன் வரும்போது, "ஃபேக்டரிய இழுத்து மூடுன துரை வந்துட்டாருலா!" என்பாள் என் மனைவி. எல்லாரும் சிரிப்பார்கள், அவனும்தான். நான் எழுந்து வாசலுக்கும் சமையலறைக்குமாக நடப்பேன்.

போன வாரம் பிரிக்ஃபீல்ட்ஸில் அவன் வீட்டுக்குப் போனேன். உட்கார முடியவில்லை. அன்று கணினியைக் கெடுத்தது நான்தான் என்று நின்றபடியே சொல்லிவிட்டேன்.

"மறுநாள் நான்தானே அத்தான் ரிப்பேர் பண்ணேன். கெர்னல் பழசு, மிச்சமெல்லாம் புதுசு. லினக்ஸ்காரன் கைன்னு தெரியாதா?"

"அப்புறம் ஏண்டா சொல்லல?"

"அக்கா உங்க வீட்டுல இருக்காங்களே. இத என்கிட்ட ஏன் சொல்றீங்க? அக்காகிட்ட சொல்லுங்க."

கிள்ளான் திரும்பும் ரயிலில் கதவோரம் நின்று மனைவியை அழைத்தேன். எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன்.

"இப்ப எங்க இருக்கீங்க?"

"ஷா ஆலம் ஸ்டேஷன் வருது."

"அங்கயே எறங்கி நில்லுங்க, நான் வரேன். தம்பி வீட்டுக்குப் போவணும். நீங்க ஒண்ணும் பேச வேணாம். இத்தன தீபாவளிக்கும் அவன கேலி பேசுனது நான்."