என் வலது காதும் என் ஓரகத்தியும்

முதலில் போனது பலாக்காயின் சத்தம். ஆட்கள் பேசுவது அப்போதும் கேட்டது.

நாங்கள் காடாம்புலியூர்ப் பக்கம் பலாமரம் குத்தகைக்கு எடுத்து, காய் வெட்டி மண்டிக்கு அனுப்புகிறவர்கள். எதை வெட்டலாம் என்று தட்டிப் பார்த்துச் சொல்வது என் வேலை. கல்யாணமாகி வந்ததிலிருந்து நான்தான். முத்தாத காய் டங்கென்று சொல்லும். முத்தினது தொம்மென்று சொல்லும். அந்தத் தொம் எனக்கு வராமல் போயிற்று. எல்லாக் காயும் டங்கென்றே கேட்டது. விடு, இன்னும் நாளாகும் என்றேன். ஒரே வாரத்தில் பதினோரு காய் மரத்திலேயே பழுத்து வெடித்து ஈ மொய்த்தது.

மறுநாள் வீட்டுக்காரர் தன் தம்பி பெண்டாட்டி செல்வியைத் தட்டச் சொன்னார். நான் வெட்டின காயை அடுக்கினேன்.

நோய் வந்தால் பயம் வரும் என்பார்கள். எனக்குப் பொறாமை வந்தது. அவள் விரலை மடக்கித் தட்டும்போது வயிறு எரியும். அவள் காதையே பார்ப்பேன். சின்னக் காது. இது என்னத்தைக் கேட்டுவிடப் போகிறது என்று நினைப்பேன். அது கேட்டது.

கடலூர் ஆஸ்பத்திரியில் காதில் அழுக்கில்லை, சிதம்பரம் போங்கள் என்று எழுதிக் கொடுத்தார்கள். வெட்டு நேரம் என்பதால் வீட்டுக்காரர் வரவில்லை. செல்விதான் வந்தாள். அங்கே நர்ஸ் என் பெயரை என்னிடம் கேட்காமல் அவளிடம் கேட்டார்.

டாக்டரம்மா இரண்டு கால் உள்ள ஒரு கம்பியைத் தட்டிக் காதருகே பிடித்தார். லேசாகக் கேட்டது. அதன் அடியைக் காதுக்குப் பின்னால் எலும்பில் வைத்தார். கணீரென்றது.

"எதும்மா நல்லா கேக்குது?"

"எலும்புலதான்."

"அப்ப நரம்பு நல்லாருக்கு. வழியிலதான் தடங்கல்."

தாளில் வரைந்து காட்டினார். சத்தம் என்பது காற்றின் அசைவாம். அது செவிப்பறையை (காதுக்குள் இருக்கும் மெல்லிய தோல்) ஆட்டும். தோல் மூன்று குட்டி எலும்புகளை ஆட்டும். கடைசி எலும்பு பாதி அரிசிகூட இல்லை. அது நத்தைபோல் சுருண்ட குழாயில் உள்ள நீரை அசைக்கும். நீரில் நுண்ணிய மயிர்கள் ஆடும். அதை நரம்பு மூளைக்குக் கொண்டுபோகும். எனக்கு இரண்டு காதிலும், வலதில் கூடுதலாக, ஓட்டோஸ்கிலிரோசிஸ் (அந்தக் கடைசி எலும்பு இறுகிப்போவது). கனத்த சத்தம்தான் இதில் முதலில் போகுமாம்.

"இவளுக்கும் இது வருமா டாக்டர்?" செல்வியைக் காட்டிக் கேட்டேன்.

"ரத்த சொந்தமா?"

"ஓரகத்தி."

"அப்ப வரணும்னு இல்ல."

ஏமாற்றமாக இருந்தது. எழுதக் கூசுகிறது. ஆனாலும் அப்படித்தான் இருந்தது.

திரும்பும் பஸ் வடலூர் தாண்டும்போது செல்வி என் காதருகே கத்தினாள். "வரணும்னு கேட்டியா, வரக்கூடாதுன்னு கேட்டியாக்கா?" பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

ஆபரேஷன் செய்தால் சரியாகும் என்றார்கள், அதற்கு நாள் தள்ளிப்போனது. ஒருநாள் யாரும் இல்லாதபோது, தாழக் காய்த்த காயில் காதுக்குப் பின்னெலும்பை அழுத்தி வைத்துத் தட்டினேன். தொம். எலும்பு வழியாக வந்தது. நாலு காய் தேர்ந்து வெட்டினேன். திருப்பிப் பார்த்தால் நாலிலும் மறுபக்கம் சுண்ணாம்புக் கோடு. செல்வி காலையிலேயே குறித்துவிட்டுப் போயிருந்தாள்.

பலாப்பால் முடியில் ஒட்டிக்கொண்டது. எண்ணெய் போட்டு எடுத்ததும் அவள்தான்.

"காய்கிட்ட என்னாக்கா ரகசியம் பேசின?"

"சும்மா எடுடி."

வலது காதில் மட்டும், மரத்துப்போகிற ஊசி போட்டு ஆபரேஷன் செய்தார்கள். முழித்துத்தான் இருந்தேன். இறுகின எலும்புக்குப் பதில் பிஸ்டன் (ஊசிமுனை போன்ற சின்னக் குச்சி) வைத்தார்கள். நாலு நாள் தலை சுற்றியது. மூக்கை வேகமாகச் சிந்தக் கூடாது, பாரம் தூக்கக் கூடாது, காதில் தண்ணீர் போகக் கூடாது. இதே ஆபரேஷன் செய்துகொண்டவர்கள் இதை மட்டும் மீறாதீர்கள்.

பஞ்சை எடுத்ததும் தாள் கசங்கினது தகரம் கிழிகிறாற்போல் கேட்டது. "காது வேலை முடிஞ்சுது. இனி மூளை பழகணும். அவசரப்படாதீங்க," என்றார் டாக்டரம்மா.

அடுத்த வெட்டுக்குத் தோப்புக்குப் போனேன். ரெண்டு பேரும் தட்டுங்கள் என்றார் வீட்டுக்காரர். தொம் திரும்பியிருந்தது. ஆனால் அது வேறு தொம். முன்பெல்லாம் விரல் படும்போதே தெரிந்துவிடும். இப்போது தட்டிவிட்டு நிற்க வேண்டியிருக்கிறது. சத்தம் உள்ளே போகிறது, யாரோ அதைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார்கள், அப்புறம்தான் எனக்குச் சேதி வருகிறது. என் தலைக்குள் இவ்வளவு தூரம் இருப்பது எனக்குத் தெரியாது.

அதற்குள் செல்வி வாயைத் திறந்தாள்.

"சொல்லாதடி."

"சொல்லலக்கா. நீ பாரு."

காய் எப்படியென்று அவளுக்குத் தெரிந்துவிட்டது, முகத்திலேயே தெரிந்தது. எனக்காக வாயை மூடிக்கொண்டு நின்றாள். அதுவும்தான் பொறுக்கவில்லை. மறுபடி தட்டினேன். நின்றேன்.

"முத்திடுச்சு."

செல்வி அரிவாளை என் கையில் கொடுத்தாள்.