அலைப்பலகைக்கு உப்புப் பார்ப்பவள்

பட்டறையில் அவளுக்கு உப்பு என்று பெயர். வைத்தவர் அக்கா புருஷன். அவர் அலைச்சறுக்குப் பலகை செதுக்குகிறவர். புதிதாக ஒரு வடிவம் செய்தால் அதை முதலில் கடலில் ஓட்டிப் பார்த்துக் குறை சொல்ல வேண்டியது அவள் பொறுப்பு. "சமைக்கிறவன் வாயில உப்பு தெரியாது. அதுக்கு வேற நாக்கு வேணும்" என்பார் மாமா. அப்படித்தான் பெயர் ஒட்டிக்கொண்டது.

அவள் சொல்வதும் ஒரு வரிதான். தலையைத் துவட்டிக்கொண்டே வருவாள். "தூக்கத்துல நடக்குற மாதிரி போகுது." "திரும்பச் சொன்னா முறைக்குது." "கல்யாணத்துக்கு வந்த மாமனார் மாதிரி பின்பக்கம் நகரவே மாட்டேங்குது." மாமா சிரிக்கமாட்டார். உடனே பலகையைக் கவிழ்த்துப் போட்டு, அவள் சொன்ன இடத்தைக் கையால் தடவுவார். சரியாக அங்கேதான் ஒரு மேடு இருக்கும்.

அதைவிடப் பெரிய வித்தை ஒன்று அவளிடம் இருந்தது. பலகையை வாங்கப்போகிறவரின் உடம்பை அவளால் தன் உடம்புக்குள் ஏற்றிக்கொள்ள முடியும். தன்னைவிட இருமடங்கு கனமான ஆளுக்கான பலகையில் ஏறினாலும், அவர் முட்டி மடங்கும்போது என்ன ஆகும், பாதம் எங்கே அழுத்தும் என்று சொல்லிவிடுவாள். எப்படி என்று கேட்டால் அவளுக்கே தெரியாது.

அப்பா படுக்கையில் விழுந்த இரண்டு வருஷமும் அவள்தான் பார்த்தாள். அக்காவுக்குப் பட்டறையை ஒட்டிய கடை, பிள்ளைகள். இவளுக்கு யாரும் இல்லை என்பதால் நேரம் இருக்கிறது என்று எல்லோரும் தாங்களே முடிவு செய்துகொண்டார்கள். திருப்பிப் படுக்கவைத்தாள், ஊட்டினாள், முதுகில் புண் வராமல் பார்த்துக்கொண்டாள். விடிந்ததும் அக்கா வந்து உட்காரும் ஒரு மணி நேரத்தில் கடலுக்கு ஓடுவாள். பிறகு ஒருநாள் அப்பா போய்விட்டார். வந்தவர்கள் அவருக்கும் விடுதலை, உனக்கும் விடுதலை என்றார்கள். அவள் தலையாட்டினாள். கட்டிலை ஆஸ்பத்திரிக்கே கொடுத்தாள். மருந்து வாடை போக அறையைக் கழுவிவிட்டாள். அழவில்லை.

"ஒரு தடவை அழுதுடுடி. உள்ளயே நின்னா நல்லதில்ல" என்றாள் அக்கா.

"வரலையே, என்ன பண்ண?"

அதன்பிறகு அக்கா அவளை அடுப்பில் வைத்த பாலைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பால் பொங்கவே இல்லை.

காரியமெல்லாம் முடிந்து முதல்முறை கடலில் இறங்கியபோதுதான் அவளுக்கு விஷயம் தெரிந்தது. அலை வந்தது, எழுந்து நின்றாள், பலகை ஓடியது, கரை வந்தது. அவ்வளவுதான். காலுக்கடியில் பலகை இருக்கிறது என்பது தெரிந்தது. அது என்ன பலகை என்பது தெரியவில்லை. மரத்துப்போன பல்லை நாக்கால் தொட்டுப் பார்ப்பதுபோல மறுபடி மறுபடி போய்ப் பார்த்தாள். ஒன்றும் இல்லை.

கரையில் மாமா நின்றிருந்தார். "எப்படி?"

"கொஞ்சம் இறுக்கமா இருக்கு." எப்போதோ எந்தப் பலகைக்கோ சொன்னது.

மாமா தலையாட்டிவிட்டு, பலகையின் பின்முனையில், வாலருகே கொஞ்சம் இழைத்தார். அந்தப் பலகை விற்றும் போயிற்று. அடுத்ததற்கும் பழைய வரி ஒன்றை எடுத்துக் கொடுத்தாள். அதற்கும் அவர் தலையாட்டினார். யாரையும் ஏமாற்றுவதாக அவளுக்குத் தோன்றவில்லை. எதுவுமே தோன்றாததில் அதுவும் ஒன்று. 'எனக்குத் தெரியவில்லை' என்று சொல்லிவிட்டால் பட்டறையில் அவளுக்கு என்ன இடம் என்ற கேள்வி மட்டும் எங்கோ தூரத்தில் குழாய் சொட்டுவதுபோலக் கேட்டுக்கொண்டிருந்தது.

இந்தச் சமயத்தில்தான் வேன்காரர் வந்தார். பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளைகளை ஏற்றிப்போகிறவர். ஐம்பதை நெருங்குகிற வயது. வாடகைக்குக் கிடைக்கும் நீளமான பலகையில் இரண்டு வருஷமாக விழுந்து எழுந்து பழகியிருந்தார். இப்போது சொந்தமாக ஒரு ஷார்ட்போர்டு, சட்டென்று திரும்பும் குட்டைப் பலகை, வேண்டும் என்றார். போனை நீட்டினார். யாரோ ஒரு வீரன், கத்திபோல மெலிந்த கூர்மூக்குப் பலகையில், வீட்டு உயர அலையைக் கிழித்துக்கொண்டிருந்தான்.

"இதே மாதிரி வேணும்."

"செஞ்சுடலாம். அந்த அலையையும் கையோட கொண்டு வந்திருக்கீங்களா?" என்றார் மாமா.

வேன்காரர் சிரித்தார். அந்தக் கடலில் அலை இடுப்பு உயரம் வந்தாலே பெரிய விஷயம். பெரும்பாலும் முட்டி உயரம்தான்.

"எடை எவ்வளவு?"

"எழுபத்தெட்டு."

மாமா அவரை மேலிருந்து கீழ்வரை ஒருமுறை பார்த்தார். "எந்த வருஷத்துல?"

"சரி, தொண்ணூறுன்னு வெச்சுக்குங்க. வீட்டுல சொல்லிடாதீங்க."

சின்ன அலைக்குத் தள்ளுகிற சக்தி குறைவு. மெல்லிய பலகை அதில் ஆளோடு சேர்ந்து மூழ்கி நிற்கும் என்று மாமா விளக்கினார். நீளம் குறையட்டும், அகலம் கூடட்டும். நெஞ்சு படுகிற பக்கம் நல்ல தடிமன். அடிப்பக்கம் வளைவு அதிகமில்லாமல் தட்டையாக இருந்தால் தண்ணீர்மேல் வழுக்கிக்கொண்டு ஓடும். மூக்கு மழுங்கலாக இருக்கும்.

"பாக்க வறட்டி மாதிரி இருக்குமே" என்றார் வேன்காரர் வருத்தமாக.

"ஓடுற வறட்டி. பரவாயில்லையா?"

அவர் பேண்ட்டை மடித்து இடது முட்டியைக் காட்டினார். நடுவில் ஒரு தழும்பு. "டாக்டர் இது இன்னும் ரெண்டு மூணு வருஷம்தான் தாங்கும்னு சொல்லிட்டார். அதுக்குள்ள ஒரே ஒரு தடவையாவது ஷார்ட்போர்டுல ஒழுங்கா ஒரு திருப்பு திருப்பிடணும். வேற ஆசை இல்ல." பிறகு அவள் பக்கம் திரும்பினார். "நீங்க சொன்னா சரியா இருக்கும்னு எல்லாரும் சொல்றாங்கம்மா. உங்க வாக்குதான்."

அவள் சரி என்றாள்.

பலகை தயாரானது. மிச்சமிருந்தது ஃபின் தேர்வு. பலகையின் வாலடியில் மீன் துடுப்புபோல நிற்கும் அந்தத் துண்டுகள்தான் பலகையைப் பிடித்து நிறுத்துவதும் திருப்புவதும். மூன்று போட்டால் பிடிமானம் நன்றாக இருக்கும். ஆனால் சின்ன அலையில் நடுவில் நிற்பது இழுக்கும். பெரிதாக இரண்டு போட்டால் பறக்கும். திருப்பும்போது வால் நழுவவும் கூடும். நான்கு என்பது இரண்டுக்கும் இடைப்பட்ட சமாதானம். எந்த உடம்புக்கு எது என்பதை ஓட்டிப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். முதல்நாள் மாலை மாமா ஒரு ஃபின்னை வேன்காரர் கையில் கொடுத்து, "ஒரு பக்கம் தட்டை, ஒரு பக்கம் புடைப்பு. ஓரத்துல போடுறப்ப தட்டை உள்ள பாக்கணும்" என்று காட்டினார். அவர் புதுப் பொம்மை கிடைத்த பிள்ளைபோல அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

காலையில் அவள் இரண்டு பெரிய ஃபின்களை மாட்டித் திருகாணியை முடுக்கிவிட்டுக் கடலில் இறங்கினாள். இடுப்பளவு அலை, காற்றில்லை. வேன்காரரின் உடம்பைத் தன் உடம்புக்குள் வரவழைக்கப் பார்த்தாள். தொண்ணூறு கிலோ, இடது முட்டி. யாரும் வரவில்லை. அலைகளை ஒவ்வொன்றாகப் பிடித்தாள், படிக்கட்டு ஏறி இறங்குவதுபோல. போதும் என்று தோன்றியதும் கரைக்கு வந்தாள்.

மாமாவும் வேன்காரரும் மணலில் நின்றிருந்தார்கள்.

"எப்படி?"

"நல்லா ஓடுது. லேசா இருக்கு. இவருக்கு இதுவே போதும்."

வேன்காரர் முகம் மலர்ந்துவிட்டது. பலகையை வாங்கி அக்குளில் இடுக்கிக்கொண்டு, ஆசையாக ஃபின்னைத் தடவினார். தடவிய விரல் நின்றது.

"ஏங்க, தட்டைப் பக்கம் வெளியல்ல பாக்குது? உள்ள பாக்கணும்னு நேத்து சொன்னீங்களே?"

மாமா குனிந்து பார்த்தார். வலது ஃபின் இடத்தில் இடதும், இடது இடத்தில் வலதும் இருந்தன. செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு ஊர் சுற்றி வந்த மாதிரி. நேற்றுக் கற்றுக்கொண்டவருக்குக்கூட முதல் அலையிலேயே காலில் கடித்திருக்கும்.

"நான்தான் அவசரத்துல மாத்தி மாட்டிட்டேன்" என்றார் மாமா, அவளைப் பார்க்காமல். "நாளைக்கு வாங்க. சரியா மாட்டித் தரேன்."

பட்டறைக்கு வந்து கதவைச் சாத்தியபிறகுதான் கேட்டார். "எத்தனை நாளா?"

"அப்பா போனதுலேருந்து."

"நடுவுல நாலு போர்டு போயிருக்கு."

"தெரியும்."

"தெரியுமா? தெரிஞ்சுதான் வாய்க்கு வந்ததைச் சொன்னியா? துக்க வீட்டுல எதையும் கேக்கக் கூடாதுன்னு நான் பேசாம இருந்தேன். நீ என்னடான்னா கிளிப்பிள்ளை மாதிரி பழசையே ஒப்பிச்சிருக்க. நானும் அதைக் கேட்டு இழைச்சிருக்கேன். என்னைச் சொல்லணும்!" உளியைத் தூக்கி மேஜையில் போட்டார். அது உருண்டு கீழே விழுந்தது.

சத்தம் கேட்டு அக்கா கடைப்பக்கத்திலிருந்து வந்தாள். "அவகிட்ட ஏன் கத்துறீங்க? அழலன்னு நான் அன்னிக்கே தலைபாடா அடிச்சுக்கிட்டேன்."

"அழுறது அவ இஷ்டம். தெரியலன்னா தெரியலன்னு சொல்லலாமில்ல? அந்த மனுஷன் முட்டியக் காட்டிட்டுப் போனார்டி."

அவர் கோபம் நியாயம் என்பது அவளுக்குப் புரிந்தது. சுவருக்கு அந்தப்பக்கம் யாரோ யாரையோ திட்டுவதுபோலத்தான் கேட்டது. குனிந்து உளியை எடுத்து மேஜைமேல் வைத்தாள்.

"நாளைக்கு நானே அவர்கிட்ட சொல்லிடறேன்."

"என்னன்னு?"

"எனக்குத் தெரியலன்னு."

மறுநாள் வேன்காரர் வேனிலேயே வந்து இறங்கினார். பள்ளிக்கூடம் லீவு. அவள் நேராகப் போய் நின்றாள்.

"நேத்து ஃபின்ன மாத்தி மாட்டினது நான். மாமா இல்ல. மாட்டினதும் தெரியல, ஓட்டினப்பவும் தெரியல. அப்பா இறந்ததுலேருந்து எனக்கு எந்த போர்டும் ஒண்ணுதான். என் வாக்கை நம்பி வாங்காதீங்க."

வேன்காரர் மாமாவைப் பார்த்தார். மாமா கடலைப் பார்த்தார்.

"அப்ப நான் யாரைக் கேக்கறது?"

"மூணு செட்டையும் மாட்டித் தரேன். நீங்களே போய்ப் பாருங்க. வந்து எங்கிட்ட சொல்லுங்க."

"எனக்கு என்னம்மா தெரியும்? வேன்னா கியர் மாத்துறப்பவே எங்க நோவுன்னு சொல்லிடுவேன்."

"வேனை வெச்சே சொல்லுங்க."

மூன்று ஃபின் போட்டுப் போனார். விழுந்தார், எழுந்தார், மூச்சு வாங்க வந்தார். "ஹேண்ட் பிரேக்கை எடுக்காம ஓட்டுற மாதிரி இருக்கும்மா. அலை போயிடுது, நான் நிக்கறேன்."

இரண்டைப் போட்டுக் கொடுத்தாள். இந்தமுறை தட்டைப் பக்கத்தை விரலால் இருமுறை தடவிப் பார்த்தபின்தான் திருகாணியை முடுக்கினாள். அவர் அம்புபோலப் பாய்ந்தார். கரையில் நின்ற மாமா வாயைத் திறந்துவிட்டார். ஆனால் திருப்ப முயன்றதும் வால் நழுவி, கை கால் நான்கும் நான்கு திசையில் போயின.

"இது சூப்பரு" என்றார், காதிலிருந்து தண்ணீரைத் தட்டிக்கொண்டே. "இதையே வெச்சுக்கறேன்."

முன்பு என்றால் அவர் முட்டி அவள் முட்டிக்குள் வந்திருக்கும். வராததால் கேட்டாள். "நழுவினப்ப எந்தக் கால்ல தாங்குனீங்க?"

"இடது."

"வலிச்சுதா?"

அவர் எடைக்குப் பொய் சொன்ன அதே முகத்தோடு மாமாவைப் பார்த்தார். பிறகு, "சுருக்குன்னுது" என்றார்.

"எப்பவுமா? திரும்புறப்ப மட்டுமா?"

"மழையில பிரேக் போட்டா பின்பக்கம் வழுக்குமில்ல, அப்ப. அதைப் புடிச்சு நிறுத்தப் பாத்தேன்."

நான்கைப் போட்டாள். முன்னால் இரண்டு பெரிது, பின்னால் இரண்டு சிறிது. அவர் போனார். இந்தமுறை பாய்ச்சல் கொஞ்சம் குறைவு. முட்டி உயர அலை ஒன்றில் எழுந்தார், ஓடினார், இடுப்பைத் திருப்பினார். பலகை திரும்பியது. அழகாக ஒன்றும் இல்லை; வேன் ஒன்று சந்தில் வளைகிற மாதிரிதான். ஆனால் முழுசாகத் திரும்பி, அலையோடேயே வந்தது. வேன்காரர் தண்ணீரில் நின்றபடி இரண்டு கையையும் தூக்கிக் கத்தினார். மாமாவும் கத்தினார். அவள் வாய்விட்டுக் கத்தவில்லை. கத்த வேண்டிய இடம் இது என்று தெரிந்தது.

"சுருக்குன்னுதா?" என்று கேட்டாள், அவர் வந்ததும்.

"இல்லம்மா. மறந்தே போச்சு, முட்டின்னு ஒண்ணு இருக்கறதே."

"அப்ப நாலுதான்."

பலகையை வேனுக்குள் பிள்ளைகள் உட்காரும் இருக்கைமேல் படுக்கவைத்து, சீட் பெல்ட்டும் மாட்டிக்கொண்டு போனார். மாமா மீதி ஃபின்களைப் பொறுக்கி எடுத்தார். பிறகு, "வாங்கறவங்களையே தண்ணியில இறக்கிடலாம். நீ கரையில நின்னு கேளு" என்றார். சமாதானம் மாதிரியும் இருந்தது, வேலையைப் பிடுங்கிய மாதிரியும் இருந்தது. "போர்டு வாங்கிட்டுப் போன அந்த நாலு பேரு?" என்று கேட்டார்.

"நான் பேசறேன்."

கடையில் அக்காவின் நாற்காலியில் உட்கார்ந்து ஒவ்வொருவராகப் போன் போட்டாள். முதல் ஆள், போர்டு நன்றாக இருப்பதாகவும் தன்னைத் தொந்தரவு செய்ய வேண்டாம் என்றும் சொன்னார். இரண்டாமவர் வெளியூர் போயிருந்தார். மூன்றாவது ஆள் பலகையைத் தன் மச்சானுக்குக் கொடுத்துவிட்டாராம். மச்சானுக்கும் தனக்கும் பேச்சுவார்த்தை இல்லை என்றார்.

நான்காவது, கடற்கரைக்குப் பக்கத்துப் பல் ஆஸ்பத்திரியில் வேலை செய்யும் பெண். அந்தப் பெண்ணுக்கு அதுதான் முதல் பலகை.

"போர்டா? நான் இப்ப போறதே இல்லக்கா. வித்துடலாம்னு இருக்கேன்."

"ஏன்?"

"எனக்கு வரல. எவ்வளவு முயற்சி பண்ணாலும் பின்னாடி மாட்டிக்குது, திரும்பவே முடியல. இழைச்ச பிறகு போர்டு நல்லாத்தான் இருக்குன்னு நீங்க சொன்னீங்க. அப்ப நான்தானே சரியில்ல?"

அவள் போனை மற்றக் காதுக்கு மாற்றினாள். இந்தக் காது சுட்டுப்போயிருந்தது.

"நான் அந்த போர்டை ஒழுங்கா பாக்கவே இல்லம்மா. பாக்காமயே சொல்லிட்டேன். உன் தப்பு எதுவும் இல்ல."

அந்தப் பக்கம் நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. பிறகு, "ரெண்டு மாசமா என்னையே திட்டிட்டிருந்தேன்க்கா" என்றது குரல், கோபமா அழுகையா என்று பிரிக்க முடியாமல்.

"என்னைத் திட்டு. திட்டி முடிச்சதும் எடுத்துட்டு வா. நீ ஓட்டு, நான் கரையில நிக்கறேன்."

"எப்ப?"

"உனக்கு எப்ப லீவு?"

நாளை மதியம் என்றாள் அந்தப் பெண். போனை வைத்துவிட்டு அவள் பட்டறைக்குள் போய், மாமாவிடம் நாளை மதியத்துக்கு மூன்று செட் ஃபின் வேண்டும், சின்ன அளவில் என்றாள். எந்தப் பலகைக்கு, அதில் என்ன குறை என்று கேட்டார் அவர். சொன்னாள்.

"அதுக்கு என்ன சொன்ன அப்ப?"

"கொஞ்சம் இறுக்கமா இருக்குன்னு."

"உண்மையிலேயே இறுக்கம்தான் போலிருக்கே" என்றார் மாமா.

"இருக்கலாம்" என்றாள். "எனக்குத் தெரியாது. அவ வந்து சொல்லட்டும்."