சுவருக்குச் சாயம் பார்த்த ருக்மணி

ருக்மணிக்கு வெள்ளைச் சுவர் என்றாலே ஆகாது. கல்யாணமான நாளிலிருந்து ஜாலான் பெண்டஹாரா தெருவில் ஒரு துணிக்கடையின் பின்னறையில்தான் குடியிருந்தாள். நாலு பக்கமும் சுண்ணாம்பு வெள்ளை, ஆஸ்பத்திரி மாதிரி. அதனால், ஐம்பத்தேழாம் வருஷத் தொடக்கத்தில் அதே ஊரில் காஜா பெராங் பகுதியில், கீழே செங்கல் மேலே பலகை என்று ஒரு சின்ன வீடு அமைந்தபோது, பால் காய்ச்சிய கையோடு அவள் சொன்ன முதல் வார்த்தை, "சாயம் அடிக்கணும்" என்பதுதான்.

அவள் தையல்காரி. ரவிக்கைத் துணியை ஒரு பார்வை பார்த்தால் போதும், அதற்குப் பொருந்தும் நூலை நேரே போய் எடுத்துவிடுவாள். அவள் புருஷன் ஜெயபாலன் நகராண்மைக் கழகத்தில் தண்ணீர் மீட்டர் படிக்கிறவன். சைக்கிளில் தெருத்தெருவாகப் போய் வீடு வீடாக நுழைகிறவனுக்குத் தெரியாத வீடா?

"ஊர்ல எந்த வீட்டுச் சாயம் நல்லா இருக்குங்க?" என்று கேட்டாள்.

"செமாபோக்ல ஒரு வீடு இருக்கு. வாசல்ல பெரிய ரம்புத்தான் மரம். ஜோரா இருக்கும்."

"சுவரு என்ன நெறம்?"

"சுவரா?" ஜெயபாலன் தலையைச் சொறிந்தான். "மீட்டர் பின்பக்கம்ல இருக்கு, ருக்கு."

இவனை நம்பிப் பயனில்லை என்று அவளே சீனன் கடைக்குப் போய்ச் சாயப்பொடி வாங்கி வந்தாள். சிரட்டைகளில் சுண்ணாம்பைக் கரைத்து, பொடியைக் கலந்து, முன்னறைச் சுவரில் உள்ளங்கை அகலத்துக்கு ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தாள். ஈரத்தில் ராஜா மாதிரி இருந்த நிறம் காய்ந்ததும் சோகை பிடித்ததுபோல் வெளுத்துவிடும். மறுபடி பொடி, மறுபடி தடவல். காலை வெயிலில் பிடித்தது சாயங்காலம் பிடிக்காமல் போகும். பக்கத்து வீட்டு அஞ்சலை எட்டிப் பார்த்துவிட்டு, "என்னாடி, சுவத்துக்கு அம்மை போட்டிருக்கா?" என்றாள்.

கடைசியில் இரண்டு தேறின. ஒன்று வாழைக்குருத்துப் பச்சை, இன்னொன்று வெளிறிய காவி. வேலை முடிந்து வந்த புருஷனைச் சுவர் முன்னால் நிறுத்தினாள்.

"எது நல்லா இருக்கு, சொல்லுங்க."

அவன் இப்படியும் அப்படியும் பார்த்தான். "ரெண்டும் ஒண்ணுதானே? எதுக்கு ஒரே சாயத்த ரெண்டு எடத்துல தடவி வச்சிருக்க?"

ருக்மணிக்குச் சுரீரென்றது. கை வெந்து போகச் சுண்ணாம்பு கரைத்தவளைப் பார்த்துக் கேலியா? அன்றைக்குச் சாதத்தட்டு நங்கென்று வந்து விழுந்தது. மறுநாள் முழுக்க வீட்டில் பேச்சில்லை.

பேசாமல் எத்தனை நேரம்தான் இருப்பது? தைத்துக்கொண்டிருந்தவள் தானே இறங்கி வந்து, "அந்தப் பச்சை நூல எடுங்க" என்றாள். நூல் பெட்டிமேல் குனிந்தவன் வெகுநேரம் நிமிரவில்லை. கடைசியில் கொண்டுவந்து நீட்டியது காவி நூல். திட்ட வாயெடுத்தவள் அவன் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். அவன் நூலைப் பார்க்கவே இல்லை. சரியா தப்பா என்று அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

ருக்மணி பெட்டியைப் பாயில் கவிழ்த்தாள். இது என்ன, அது என்ன என்று ஒவ்வொரு நூல்கண்டாகத் தூக்கிக் காட்டினாள். சிவப்பும் பச்சையும் காவியும் அவனுக்கு ஒரே குட்டையில் ஊறிய மட்டைகள்.

"பள்ளிக்கூடத்துல எலைக்குக் காவி தீட்டுனேன்னு வாத்தியாரு காதத் திருகிட்டாரு," என்றான் மெதுவாக. "அன்னியிலேருந்து யாருகிட்டயும் வாயத் தொறக்கல."

"அப்ப நம்ம கல்யாணத்தன்னிக்கு என் பொடவை?"

"அது என்ன நெறமோ, எனக்குத் தெரியாது. நீ நல்லா இருந்த."

அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் ஒரு நொடி விழித்தவள், சிரித்தே விட்டாள். அவனும் சிரித்தான். இத்தனை வருஷம் தூக்கிச் சுமந்ததை இறக்கி வைத்த சிரிப்பு.

"சரி, இதுல ஒங்களுக்குப் பளிச்சுனு தெரியிறது எது?"

அவன் கை தயங்காமல் போய் மஞ்சளையும் நீலத்தையும் எடுத்தது. தீர்ந்தது கதை. சுவருக்கு மஞ்சள், ஜன்னலுக்கு நீலம்.

தீர்ந்தது என்று அவள்தான் நினைத்தாள். அதுவரை நிறத்தின் பக்கமே தலைவைத்துப் படுக்காதவனுக்கு இப்போது அபிப்பிராயம் பீறிட்டது. "இது ரொம்பத் தூக்கலா இருக்கு. கொஞ்சம் சுண்ணாம்பு ஊத்து." விடிந்ததும் பல்கூடத் துலக்காமல் போய்க் காய்ந்திருக்கிறதா என்று தொட்டுப் பார்ப்பான். தெருவில் போகிறவர்களையெல்லாம் கூப்பிட்டு, "எலுமிச்சையா, மாம்பழமா, சொல்லுங்க" என்று உயிரை வாங்குவான். ருக்மணிக்கு, இவன் வாய் திறக்காமலே இருந்திருக்கலாமோ என்றுகூடத் தோன்றியது.

எலுமிச்சைதான் ஜெயித்தது. முன்னறை முடிந்து, படுக்கையறை முடிந்து, மிச்சச் சாயத்தோடு அவன் அடுப்படிக்கு, அவள் குசினிக்குள், நுழைந்தபோது ருக்மணி வாசலை மறித்துக்கொண்டாள்.

"இங்க வேணாம்."

"ஏன்?"

"நாட்டுக்கே மெர்டேக்கா, சுதந்திரம் வருது. என் குசினிக்கு மட்டும் வரக்கூடாதா?"

அன்று மத்தியானமே வாழைக்குருத்துப் பச்சையைக் கரைத்துத் தன் கையாலேயே அடித்து முடித்தாள். ஜெயபாலன் வந்து நின்று சுவரை மேலும் கீழும் பார்த்தான்.

"பச்சைதானே?"

"பச்சைதான்."

"நல்லா இருக்கு," என்று சொல்லிவிட்டு, அடுப்பில் என்ன கொதிக்கிறது என்று மூடியைத் தூக்கிப் பார்த்தான்.